அச்சத்திற்கு ஓர் அளவு

சப்பிரகமுவையின் மழையை அறியாதவர்களுக்கு அதனைச் சொல்லி விளங்க வைப்பது கடினம். இரத்தினபுரியில் ஓராண்டிற் பெய்யும் மழை 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகம். வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக் காற்று எழுந்துவிட்டால், எட்டியாந்தோட்டையிலிருந்து தெரணியகலை வரைக்கும், அப்பால் இரத்தினபுரி, இறக்குவானை வரைக்கும் மலைகள் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும். கேட்பது தகரத்தின் ஓசை ஒன்றுதான். இறப்பர்த் தோட்டங்களில் மழைக்கு இன்னொரு பொருளும் உண்டு. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அடுத்த மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கும். ஆகவே, மழை என்றதும் எமது மக்களின் முகம் மாறுவதை நாம் குழந்தைப் பருவத்திலிருந்தே கண்டு வந்திருக்கிறோம். அந்த முகமாற்றத்துக்கு வைத்திய நூல்களில் ஒரு பெயர் உண்டென்பதைக் கற்றுக்கொள்ள எமக்கு நாற்பது வயதாயிற்று.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்துக் கொண்டிருந்தோம். மழை பிடித்தது. தகரக் கூரையின் இரைச்சலில் எமது குரல் எமக்கே கேட்கவில்லை. சோக்குக் கட்டியை வைத்துவிட்டுச் சற்று நின்றோம். அவ்வளவுதான், வேறெதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருதயம் அடிக்கத் தொடங்கிற்று. மூச்சு உள்ளே போனது, போதவில்லை. இன்னும் இழுத்தோம், இன்னும் போதவில்லை. விரல் நுனிகள் மரத்தன. உதடு மரத்தது. பிள்ளைகளின் முகங்கள் தொலைவில், கண்ணாடிக்கு அப்பால் இருப்பன போலத் தோன்றின. இதோ சாகப் போகிறோம் என்பதில் எமக்கு எள்ளளவு ஐயமும் இருக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். "சேர்! சேர்!" என்று பிள்ளைகள் அலறியது மட்டும் நினைவிருக்கிறது.

முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கடதாசியில் ஓடிய கோடுகள் ஒழுங்காகவே இருந்தன. அங்கிருந்தவர் கடதாசியை மடித்து எமது கையிற் கொடுத்து, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார். நல்ல செய்திதான். ஆனால் சாவின் வாசல் வரை போய்த் திரும்பிய ஒருவனுக்கு "ஒன்றுமில்லை" என்ற சொல் ஆறுதலைத் தரவில்லை, அவமானத்தையே தந்தது. ஒன்றுமில்லாததற்கா தரையில் விழுந்தோம்? ஒன்றுமில்லாததற்கா முப்பது பிள்ளைகள் முன்னிலையில் அழுதோம்?

அதற்குப் பின்னர் அது அடிக்கடி வந்தது. பஸ்ஸில் வந்தது. ஆசிரியர் கூட்டத்தில் வந்தது. நள்ளிரவில் நித்திரையிலிருந்து உலுக்கி எழுப்பிற்று. வந்த நேரத்தைவிட, இனி எப்போது வருமோ என்று காத்திருந்த நேரமே கொடிது. அவிசாவளை பஸ்ஸில் ஒருமுறை வந்தமையால் அந்தப் பஸ்ஸை விட்டோம். சந்தை நெரிசலில் வந்தமையால் சந்தையை விட்டோம். மூன்று மாதத்தில் எமது உலகம் பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள அரைமைல் பாதையாகச் சுருங்கிவிட்டது.

இந்நோய்க்கு எமது தோட்டத்தில் மூன்று பெயர்கள் வழங்கின. எமது தாயார், "காத்துக் கறுப்பு அண்டியிருக்கு ராசா" என்று சொல்லிக் கோடாங்கியை அழைத்து உடுக்கடிக்க வைத்தார். தோட்டத்து மருந்துச்சாலையில் அதற்கு 'கேஸ்ட்ரிக்' என்று பெயர். வெள்ளைக் குளிசை இரண்டு. மூன்றாவது பெயரை எம்மிடம் எவரும் சொல்லவில்லை; நாம் ஆசிரியர், காற்சட்டை போட்டவர். அந்தப் பெயர் தொழிலாளிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதுதான் 'நடிப்பு'.

பக்கத்து லயத்தில் எமக்குச் சின்னம்மா முறையான ஒருவர் இருந்தார். பால் வெட்டுத் தொழிலாளி. முப்பது வருடமாக அவருக்கு 'நெஞ்சடைப்பு' வந்துகொண்டிருந்தது. மரத்தடியில் கத்தியைப் போட்டுவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விடுவார். பத்து நிமிடத்தில், கால் மணியில் எழுந்து மறுபடியும் வெட்டுவார். அந்தக் கால் மணிக்காக எத்தனையோ நாள் அரைப் பேர் மாத்திரமே விழுந்திருக்கிறது. "வேலைக் கள்ளி" என்று மேற்பார்வை செய்தவர் ஏசியிருக்கிறார். நாமும் சிறுவயதில் அவர் நெஞ்சைப் பிடிப்பதைப் போலச் செய்து காட்டிச் சிரித்திருக்கிறோம். எமது நெஞ்சு எம்மை வீழ்த்திய பிறகே அந்தச் சிரிப்பு எம்மைச் சுட்டது.

விஞ்ஞானம் இந்நோயைப் பற்றி என்ன சொல்கிறது? உடலில் ஓர் அபாயமணி உண்டு. ஆபத்து நேர்ந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார் செய்வது அதன் கடமை. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்திற் கலக்கின்றன. இருதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மிகுகிறது. பாம்பைக் கண்டு பாய்ந்து விலகும் தொழிலாளியைக் காப்பாற்றுவது இந்த மணியே. ஆனால் சிலவேளை பாம்பில்லாமலே மணி அடித்துவிடுகிறது. ஓட வேண்டிய உடல் ஓடாமல் நிற்கிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது; விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான். மூச்சுப் போதவில்லை என்று நாம் மேலும் மேலும் இழுத்தது நெருப்பில் எண்ணெய் வார்த்த கதை. அட்ரினலின் வேகம் பத்து நிமிடமளவில் உச்சத்தைத் தொட்டுப் பின் தணிகிறது. இப்பீதி ஆளைக் கொல்வதில்லை. ஆனால் கொல்லப் போகிறது என்ற நம்பிக்கையே இருதயத்தை மேலும் துரத்துகிறது. துரத்தப்பட்ட இருதயம் அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாகிறது. 1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இந்தச் சுழலைத் தெளிவாக விளக்கினார்.

இந்நோய் வைத்தியர்களின் கண்ணிற் பட்ட வரலாறும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, காயமேதுமின்றி நெஞ்சு படபடத்து வீழ்ந்த போர்வீரர்களை ஆராய்ந்த டா கோஸ்ற்றா என்னும் வைத்தியர், 1871இல் அதனை இருதயத்தின் எரிச்சல் என்று எழுதினார். 1895இல் பிராய்ட் அதனைப் பதகளிப்பு நோய் எனத் தனியே பிரித்துக் காட்டினார். 1960களின் தொடக்கத்தில் டொனால்ட் கிளைன் என்ற அமெரிக்க வைத்தியர், இமிப்பிரமின் என்ற மருந்து திடீர்ப் பீதியைத் தணிப்பதைக் கண்டு வெளியிட்டார். 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தனது நோய்ப் பட்டியலில் பீதிநோயைத் தனியொரு நோயாகச் சேர்த்தது. போர்வீரனின் இருதயம் படபடத்தால் அதற்கு ஒரு பெயரும் ஓர் ஆராய்ச்சியும் உடனே கிடைத்தன. அதே நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி, காட்டுவழியே நடந்து, வழியெல்லாம் உறவினரைப் புதைத்துவிட்டு வந்து மலையேறிய எமது முன்னோரின் இருதயம் எப்படி அடித்தது என்று எந்த வைத்தியர் கேட்டார்? அவர்களுடைய நோய்கள் வேலைக்கு வந்த நாள், வராத நாள் என்று செக்றோலில் மாத்திரமே பதியப்பட்டன.

எமக்கு விமோசனம் ஓர் ஆதார வைத்தியசாலையின் மனநலச் சிகிச்சைப் பிரிவிற் கிடைத்தது. சக ஆசிரியர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். "பைத்தியக்கார கிளினிக்குக்குப் போகிறார்" என்று ஊர் பேசுமோ என அஞ்சிக் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டே போனோம். அங்கிருந்த மனநல வைத்திய அதிகாரி ஓர் இளம் பெண், சிங்களவர், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசக் கற்றிருந்தார். எமது கதையை முழுவதும் கேட்டார். பிறகு ஒரே ஒரு சொல்லைக் கேள்வியாக்கினார்: "பயத?" சிங்களத்தில் பயம் 'பய' ஆகும். இரு மொழிக்கும் ஏறக்குறைய ஒரே சொல். "ஆம், பயம்" என்றோம். ஓர் ஆண் பிள்ளை, அதுவும் ஓர் ஆசிரியர், அதைச் சொல்ல எவ்வளவு காலம் பிடித்தது!

முதலில் இரத்தத்தைச் சோதித்தார். இரத்தசோகையும் தைரொயிட் சுரப்பியின் மிகையும் இதே படபடப்பைத் தரும். அவற்றை விலக்காமல் மனத்தின் மேல் பழி போடலாகாது என்றார். இரத்தசோகை மலிந்த எமது பெண்களுக்கு இது மிகவும் பொருந்தும் பேச்சு. நாளொன்றுக்கு எத்தனை கோப்பை சாயத்தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். எட்டு, ஒன்பது என்றதும் சிரித்துவிட்டு, பாதியாகக் குறைக்கச் சொன்னார். தேயிலையிலுள்ள கபேனும் இருதயத்தைத் தட்டி எழுப்புவதுதானே. பின்னர் ஒரு கடதாசியில் வட்டம் வரைந்து, நெஞ்சுப் படபடப்பு, 'சாகப் போகிறேன்' என்ற எண்ணம், பயம், மீண்டும் படபடப்பு என்று அம்புக்குறியிட்டுக் காட்டினார். "இந்த வட்டத்தை எங்கேயாவது வெட்ட வேண்டும்" என்றார்.

வெட்டும் வழிகள் இரண்டு. ஒன்று மருந்து. செரட்டோனினைச் சார்ந்து வேலை செய்யும் மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடங்கினார். முதல் வாரத்தில் பதற்றம் சற்றுக் கூடவும் கூடும். பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். சுகம் வந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று எச்சரித்தார். உடனே அமைதி தரும் தூக்க மாத்திரை வகையை நாம் கேட்டோம். அது இன்றைக்கு ஊன்றுகோல், நாளைக்கு விலங்கு. நெடுநாட் பழகினால் அதுவின்றி இருக்க முடியாது என்று மறுத்துவிட்டார். மற்றது பயிற்சி. மெதுவாக வயிற்றால் மூச்சு விடப் பழகுவது அதன் தொடக்கம் மாத்திரமே. வைத்தியசாலைப் படிகளில் எம்மை ஏறி இறங்கி ஓடச் செய்தார். நெஞ்சு அடித்தது, மூச்சு வாங்கிற்று. "சாகிறீர்களா?" என்று கேட்டார். சாகவில்லை. "பயப்படும் உடம்பும் ஓடும் உடம்பும் ஒன்றே" என்றார். விட்டுவிட்ட பஸ்ஸில் முதல் நாள் ஒரு தரிப்பிடம், அடுத்த வாரம் மூன்று தரிப்பிடம் என்று ஏறச் செய்தார். ஓடி ஒளியாமல் நின்றால் அலை தானே தணியும் என்பதை உடலுக்குக் கற்பிப்பதுதான் அந்த வைத்தியம். கடைசிப் பாடம், மழையில் தகரக் கூரையின் கீழ்ச் சும்மா உட்கார்ந்திருப்பது. ஆறு மாதத்தில் அதையும் கற்றோம்.

ஒரு நாள் அவர் கேட்டார்: "முதன் முதலில் ஏன் மழையில் வந்தது?" எமக்கு விடை தெரிந்தே இருந்தது, நாம்தான் அதைப் பூட்டி வைத்திருந்தோம். 2016 மே 17ஆந் திகதி பெருமழையில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து, அடிவாரத்துக் கிராமங்களை மூடிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவில் களுபஹன தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எமது தோட்டத்திலிருந்து உதவிக்குச் சென்றவர்களோடு நாமும் சென்றோம். நின்ற இடத்தில் நேற்றுவரை காம்பராக்கள் இருந்தன என்று சொன்னார்கள். செம்மண்ணைத் தவிர அங்கே வேறெதையும் நாம் காணவில்லை. ஒரு பிள்ளையின் பாடக் கொப்பி மாத்திரம் சேற்றில் கிடந்தது. உறையில் தமிழில் பெயர் எழுதியிருந்தது. அப்போது நாம் அழவில்லை; பயப்படவுமில்லை. இரண்டு வருடம் கழித்து, பின்னக் கணக்கின் நடுவில், உடல் அதை நினைவுகூர்ந்தது.

நாம் சுகம் பெற்ற பிறகு சின்னம்மாவையும் அதே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தசோகை இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார். பின்னர் அதே வட்டத்தை வரைந்தார். மழையிரவில் நெஞ்சு படபடத்தால், 'இப்போது உண்மையில் ஆபத்து இருக்கிறதா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளச் சொன்னார். எமக்குப் பேருதவியாக இருந்த கேள்வி அது. சின்னம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, மிக அடக்கமாகச் சொன்னார்:

"இருக்குங்க டொக்டரம்மா. எங்க லயத்துக்குப் பின்னால மேடு வெடிச்சிருக்கு. கை நுழையிற அளவுக்கு வெடிப்பு. எழுதிக் குடுத்து ரெண்டு வருசமாச்சுங்க."

வைத்தியர் பேனையை மேசை மேல் வைத்தார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. அன்றைக்குத்தான் இந்தக் கட்டுரையின் விடயம் எமக்குப் புலப்பட்டது. எமது அபாயமணி பொய்யாக அடித்தது. அதனை நிறுத்த வைத்தியத்தால் முடிந்தது. சின்னம்மாவின் மணி பாதி பொய், பாதி மெய். வெயிற் காலத்திலும் சந்தையிலும் அடிப்பது பொய்மணி. மழையிரவில் அடிப்பது மெய்மணி. மெய்மணியை மாத்திரையால் மௌனமாக்கினால் அது வைத்தியமாகுமா? வெடித்த மேட்டின் கீழ் நிம்மதியாக உறங்கப் பழக்குவது சுகமாகுமா?

அச்சம் என்பது தனிமனிதனின் நரம்புக் கோளாறு மாத்திரமே என்று சொல்பவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். அச்சமெல்லாம் சமுதாயத்தால் வருவதே, சமுதாயம் மாறினால் தானே தீரும், அதுவரை மருந்து வீண் என்று சொல்லும் எமது தோழர்கள் சிலரும் மற்றைப் பாதியை மாத்திரமே சொல்கிறார்கள். சமுதாயம் மாறும் வரை எம்மால் அந்தப் பஸ்ஸில் ஏறாமல் இருந்திருக்க முடியுமா? சின்னம்மாவின் வரலாறு இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

அவர் பிறந்தது இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எமது மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாதி பாதியாகப் பிரித்தது. எந்த உறவினர் எந்தப் பாதியில் விழுவார் என்று அறியாத வீட்டில் அவர் வளர்ந்தார். 1977இல் வன்முறை தோட்டங்களுக்குள் வந்தது. 1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் மறுபடியும் வந்தது. அப்போது அவருக்குப் பத்து வயது. லயம் எரியும் வெளிச்சத்தில் இறப்பர்க் காட்டுக்குள் ஓடி இரண்டு இரவுகள் ஒளிந்திருந்தார்கள். குழந்தை அழுதால் வாயைப் பொத்தினார்கள். மூன்றாம் நாள் கிராமத்துச் சிங்களக் கிழவர் ஒருவர் அவித்த பலாக்கொட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்து, அயலாருக்குத் தெரியாமல் வழிகாட்டி அனுப்பினார். உறவினர்களில் ஒரு பகுதியார் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். 1983 ஜூலையில் மூன்றாவது முறை. அன்றிலிருந்து இன்றுவரை அவருடைய கதவுக்குப் பின்னால் துணி மூட்டையொன்று கட்டியே இருக்கிறது.

எமது தந்தையாரும் அப்படியொரு மூட்டை வைத்திருந்தார். பஸ்ஸில் உரக்கத் தமிழ் பேசாதே, இரவில் விளக்கை அணை, நாய் குரைத்தால் எழுந்திரு என்ற கட்டளைகளை நாம் பாலோடு பருகினோம். அவற்றைப் பண்பாடு என்று எண்ணி வளர்ந்தோம். அவை அச்சத்தின் அறிகுறிகள் என்று எவரும் எமக்குச் சொல்லவில்லை. வடக்கின் போர் மக்களின் மனத்திற் செய்த காயங்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். தோட்டங்களின் மனக்காயமும் அத்தகைய பொறுமையான விசாரணைக்கு உரியது.

அந்த மனநல வைத்தியர் பேனையை மறுபடியும் எடுத்து இரண்டு காரியங்கள் செய்தார். சின்னம்மாவுக்கு மாத்திரையும் பயிற்சியும் எழுதினார். பின்னர் வேறொரு தாளில், இந்நோயாளி வாழும் இடத்தின் ஆபத்து அவருடைய நோயை வளர்க்கிறது என்று எழுதி, பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கச் சொன்னார். "என் மருந்து இதில் பாதிக்குத்தான்" என்றார். தமது மருந்தின் எல்லையை அறிந்து சொன்ன அந்தப் பெண்ணை நாம் என்றும் மதிக்கிறோம்.

மற்றப் பாதிக்கு நாம் என்ன செய்வது? எமது பாடசாலையில் ஒரு மழைமானி வைத்தோம். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்கு ஓர் அளவு சொல்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் வெளியேற ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து அளந்து பலகையில் எழுதுகிறார்கள். வெடிப்பின் இரு புறமும் கட்டை அடித்து இடைவெளியையும் அளக்கிறார்கள். பின்னக் கணக்கு வேண்டாம் என்று ஓடிய பிள்ளைகள், லயத்தார் உறங்குவதா எழுவதா என்று தீர்மானிக்கும் கணக்கை மிகவும் கவனமாகச் செய்கிறார்கள். முதல் பருவத்தில் இரண்டு இரவுகள் பலகை 100ஐத் தாண்டிற்று. லயத்து மக்கள் பாடசாலைக் கட்டடத்தில் வந்து படுத்தார்கள். மற்ற இரவுகளில் வீட்டிலேயே உறங்கினார்கள்.

எண்ணைக் கண்டதும் சின்னம்மாவிடம் தோன்றிய மாற்றம் எம்மை வியக்க வைத்தது. முன்பு ஒவ்வொரு துளியும் அவருக்கு மலை சரியும் ஓசையாயிருந்தது. இப்போது மழை பிடித்தால் பேரனை அனுப்பி, "பலகையில என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு வா" என்கிறார். நாற்பது என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். அவருடைய அச்சத்தை யாரும் பிடுங்கி எறியவில்லை. அதற்கு ஓர் அளவு கிடைத்தது. எதற்கு அஞ்ச வேண்டும், எப்போது அஞ்ச வேண்டும், அஞ்சினால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தபோது பாதி நோய் இறங்கிவிட்டது. கோடாங்கியின் உடுக்கை நாம் ஏளனம் செய்யவில்லை. ஒருவர் துன்பத்தில் இருக்கிறார் என்று ஊரைக் கூட்டி அறிவித்த வேறெந்த ஸ்தாபனமும் அன்று இருக்கவில்லை. ஆனால் உடுக்கு, குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத காற்று என்கிறது. மழைமானி, குற்றவாளி வெடித்த மேடும் அதன் கீழ்க் கட்டிய லயமும் என்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மழைமானி வைத்தமையால் கடமை முடிந்துவிட்டதென்று எண்ணினால், அதுவும் ஒரு தூக்க மாத்திரையாகிவிடும். சின்னம்மாவின் லயம் இன்னும் அதே மேட்டின் கீழேதான் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், வேலைக்கு அருகே ஆட்களை அடைத்து வைக்கக் கட்டிய வரிசை அது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. சின்னம்மாவின் காம்பராவும் வெடிப்பும் எல்லா நிர்வாகங்களுக்கும் பொதுவாக இருந்து வந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தோருக்குப் பிரஜாவுரிமை தந்தது. உரிமை வந்தது, அதை நட்டு வைக்க நிலம் வரவில்லை. சொந்தமாகப் பத்திரத்தோடு ஒரு துண்டு நிலம் இருந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடு இருந்தால், இந்த மெய்மணி அடிக்க வேண்டியதேயில்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோது நாம் மகிழ்ந்தோம். மழை நாளில் பேர் விழாத தொழிலாளிக்கு அந்த எண் கடதாசி எண்தான். இவை அரசியற் கோரிக்கைகள். இவையே வைத்தியக் குறிப்புகளும் ஆகும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் பரீட்சைக்கு முன் மூச்சுத் திணறி மயங்கும் பிள்ளை இருக்கலாம். மழை பிடித்தவுடன் வீட்டுக்குப் போக அழும் பிள்ளை இருக்கலாம். அதனை 'நடிப்பு' என்று சொல்லாதீர்கள். 'ஒன்றுமில்லை' என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருங்கள். இது வரும், பத்து நிமிடத்தில் உச்சம் தொடும், போகும் என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் தடவை வந்த நெஞ்சு வலியை ஒருபோதும் பயம் என்று தள்ளாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பாடசாலைச் சுவரில் எழுதி வையுங்கள். தமது தாய்மொழியில் நோயைச் சொல்லும் வசதி ஒவ்வொரு வைத்தியசாலையிலும் வேண்டும் என்று கேளுங்கள். தொழிற்சங்கத்தில் உள்ளவர்களே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்காரும் பெண்ணுக்கு அரைப் பேர் வெட்டப்படும்போது அதையும் ஒரு பிரச்சினையாக எடுத்துப் பேசுங்கள்.

சென்ற வைகாசியில் ஓரிரவு பலத்த மழை. நாம் கூரையின் இரைச்சலைக் கேட்டவாறு விழித்திருந்தோம். நெஞ்சு சற்று விரைந்தது. விரையட்டும் என்று விட்டோம். விடிந்ததும் பாடசாலைக்குப் போனோம். பலகையில் பிள்ளைகள் 62 என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே, யாருமே கேட்காமல், வெடிப்பின் அளவையும் எழுதியிருந்தார்கள்: கடந்த மாதத்தைவிட ஒரு விரற்கடை கூடியிருந்தது. அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதிக்கொண்டு, சின்னம்மாவையும் அழைத்துக்கொண்டு, அவிசாவளை பஸ்ஸில் ஏறிப் பிரதேச செயலகத்துக்குப் புறப்பட்டோம். இது ஏழாவது கடிதம்.